பழைய கரவனில் சபர்பன் வாட்டர் ஹீட்டர்: கொழும்பில் திருத்திப் பாவிக்கலாமா?

பழைய அமெரிக்கக் கரவன் ஒன்றை விற்பவர் "எல்லாம் ஓகே, சுடுதண்ணி மட்டும் வராது" என்று சொன்னால், அதைச் சாட்டாக வைத்து விலையைக் குறையுங்கள். ஆனால் ஹீட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வண்டிகளில் அதிகம் காணப்படுவது சபர்பன் எஸ்.டபிள்யூ.6.டி.இ. மொடல். வெளிச்சுவரில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான சதுரக் கதவு, அதற்குப் பின்னால் 6 அமெரிக்கக் கலன், அதாவது 22.7 லீற்றர் கொள்ளும் தாங்கி. காஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். பத்து, பதினைந்து வருடம் வெயிலில் கிடந்த பிறகும் திருத்தி எடுக்கக்கூடிய சாமான் இது. தாங்கி நல்லது என்றால் திருத்துங்கள்; தாங்கி ஓட்டை என்றால் ஒரு சதமும் செலவழிக்காமல் கழற்றுங்கள். மற்றப் பாகங்கள் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும், தனித்தனியாகக் கிடைக்கும்.

அதனால் முதல் வேலை தாங்கி. இது உட்புறம் கண்ணாடிப் பூச்சு இட்ட இரும்புத் தாங்கி. அந்தப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் தண்ணீர் இரும்பைத் தின்னாமல் இருக்க, அனோட் கோல் ஒன்று உள்ளே நிற்கும். வெளிக்கதவைத் திறந்தால் கீழ்ப்பகுதியில் தெரியும் பெரிய போல்ட் தலைதான் அது. 27 மில்லிமீற்றர் சொக்கட் பிடிக்கும், அங்குலக் கணக்கில் 1 1/16. கழற்றுவதற்கு முன் தண்ணீர் அழுத்தத்தை இறக்குங்கள், மேலே உள்ள பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கிப் பாருங்கள். சுடுதண்ணி இருக்கும்போது இந்தப் போல்ட்டில் கை வைத்தால் 22 லீற்றரும் காலில்தான் ஊற்றும்.

வெளியே வந்த கோல் தடிப்பாக, குழி விழுந்து, ஆனாலும் கோலாக இருந்தால் நல்ல சகுனம். நடுவில் உள்ள கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், கோல் தீர்ந்த பிறகு எத்தனை வருடம் தாங்கி தன்னையே கொடுத்தது என்ற கேள்வி வரும். முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. டோர்ச் அடித்து அந்தத் துளை வழியாக உள்ளே பாருங்கள், அடியில் சேர்ந்திருக்கும் வெள்ளைச் சேற்றை ஹோஸ் நுழைத்துக் கழுவி எடுங்கள். பிறகு புதுக் கோலைப் பூட்டித் தண்ணீர் நிரப்பி, பம்பை ஓடவிட்டு நிறுத்தி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். அனோட் மரையிலோ பாதுகாப்பு வால்விலோ சொட்டினால் அது சில்லறைப் பிரச்சினை. பின்பக்கத்து நுரை உறை நனைந்திருந்தால், வரும் இணைப்புக் குழாய்களைத் துடைத்து மறுபடி பாருங்கள். இணைப்பு காய்ந்திருந்தும் நுரை நனைகிறது என்றால் தாங்கி போய்விட்டது. அதை ஒட்டவோ வெல்டிங் செய்யவோ யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்; வெல்டிங் சூட்டில் உட்பூச்சு உதிர்ந்துவிடும்.

தாங்கி தேறிவிட்டால் ஹீட்டரை விட்டுவிட்டு பற்றரிப் பக்கம் போங்கள். சபர்பன் காஸில் ஓடினாலும் தீமூட்டும் போர்டும் காஸ் வால்வும் 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. மீற்றரை ஹீட்டரின் சொந்த வயரிலேயே வைத்து, ஸ்விட்ச் போட்ட நிலையில் அளக்க வேண்டும். பற்றரி முனையில் 12.6 காட்டி, ஹீட்டரில் 10.5க்குக் கீழே இறங்கினால் ஸ்பார்க் அடிக்கும், வால்வு திறக்காது. பார்ப்பவர்களுக்கு வால்வு பழுது போலத் தோன்றும், புது வால்வு வாங்குவார்கள், அதுவும் திறக்காது. காரணம் பெரும்பாலும் பச்சை பூத்த எர்த் முனை. கடற்காற்று அடிக்கும் கொழும்பில் இது நோயே அல்ல, சாதாரண நிலை. சேசியில் எர்த் பூட்டிய இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, புது லக் (வயர் முனைத் துண்டு) அடித்து, கிரீஸ் பூசுங்கள்.

இன்னொன்று: எண்பதுகள், தொண்ணூறுகளின் வண்டிகளில் வரும் மக்னெடெக் 6300 வகை கன்வேர்ட்டர், அதாவது மெயின் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி. 120 வோல்ட் கேட்கும், உறுமும், பற்றரியை அளவறிந்து சார்ஜ் பண்ணாமல் வேகவைக்கும். அதற்கு ட்ரான்ஸ்ஃபோமர் தேடி அலைவதைவிடக் கழற்றிவிட்டு, 230 வோல்ட்டில் ஓடும், பற்றரியை மூன்று படிகளாகச் சார்ஜ் பண்ணும் சார்ஜர் ஒன்றைப் பூட்டுவது நல்லது. பியூஸ் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி காஸ். ஸ்விட்ச் போட்டதும் நடக்க வேண்டிய வரிசை இது: கரண்ட் தெர்மோஸ்டாட் வழியாகவும் அதிசூட்டுத் தடுப்பு வழியாகவும் போர்டுக்குப் போகும், போர்ட் ஒரே நேரத்தில் வால்வைத் திறந்து ஸ்பார்க் அடிக்கும், தீ பிடித்ததை ஸ்பார்க் முனையே உணர்ந்து போர்டுக்குச் சொல்லும். சில விநாடிகளில் அந்தச் செய்தி வராவிட்டால் போர்ட் காஸை அடைத்து, உள்ளே சிவப்பு விளக்கை எரிய விடும். எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஒரு சத்தமும் இல்லை என்றால்: வெளிக்கதவுக்குள் கறுப்பு ரப்பர் மூடியின் கீழே இரண்டு ரீசெட் பொத்தான்கள் இருக்கும், ஒன்று காஸ் பக்கத்துக்கு, மற்றது கரண்ட் பக்கத்துக்கு. அழுத்தும்போது 'டிக்' என்றால் அதுதான் தட்டியிருந்தது. தண்ணீர் 82 பாகை செல்சியஸ் தாண்டினால் தட்டும் பாதுகாப்பு இது. அடிக்கடி தட்டினால் 54 பாகையில் நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டும் ஒரே தொகுதியாக வரும், சேர்த்தே மாற்றுங்கள். பொத்தான் தட்டவில்லை, ஆனாலும் சத்தமில்லை என்றால் போர்டின் விளிம்பு இணைப்பைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் செப்புக் கோடுகளைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். போர்ட் பழுது என்று ஒதுக்கப்பட்டவற்றில் கணிசமானவை இதிலேயே எழும்பிவிடும்.

'டிக் டிக்' என்று ஸ்பார்க் அடிக்கிறது, தீ பிடிக்கவில்லை என்றால் குளவியைச் சந்தேகியுங்கள். காஸில் கலக்கும் வாசனைப் பொருள் சிலந்திகளை இழுக்கும், சும்மா கிடக்கும் குழாய் குளவிக்கு வீடு. பர்னர் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே மண் கட்டியோ வெள்ளை வலையோ தெரியும். உருளைத் தூரிகை விட்டு இழுத்து, கொம்பிரசர் காற்றால் ஊதுங்கள். காஸ் பீறிடும் நுண்துளையான ஜெட்டில் மட்டும் கம்பி, ஊசி எதையும் விடக்கூடாது. துளை மயிரளவு பெருத்தாலே சுவாலையின் கணக்குப் பிழைத்துவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மறுபக்கத்திலிருந்து ஊதினால் போதும்.

தீ பிடிக்கிறது, அழகாக எரிகிறது, ஆறேழு விநாடியில் அணைந்துவிடுகிறது. அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காஸ் போதாது என்று ரெகுலேட்டரை மாற்றுவார்கள். உண்மையில் தீ இருப்பது போர்டுக்குத் தெரியவில்லை. சுவாலை வழியாக மைக்ரோ அம்பியர் அளவுக்கு மின் ஓடி, பர்னர் உலோகத்தின் ஊடாக எர்த்துக்குத் திரும்ப வேண்டும். முனையில் கரி படிந்தாலோ, பர்னர் பூட்டும் ஸ்க்ரூ துருப்பிடித்தாலோ, முனையின் பீங்கானில் வெடிப்பு இருந்தாலோ அந்தப் பாதை அறுந்துவிடும். முனையை நைஸ் சேன்ட் பேப்பரால் துடைத்து, பர்னரிலிருந்து 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, சுவாலைக்குள் நிற்கும்படி வையுங்கள். பர்னர் ஸ்க்ரூவின் அடியைச் சுரண்டுங்கள். செலவு ஒரு துண்டு சேன்ட் பேப்பர்.

காஸ் விநியோகத்தில் கொழும்புக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, வண்டியோடு வந்த ரெகுலேட்டரின் வாய் நம் சிலிண்டரில் ஏறாது. இடையில் அடப்டர் தேடாமல் ரெகுலேட்டரையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தாலே வெடிப்பு தெரியும். சபர்பன் கேட்பது 11 அங்குலத் தண்ணீர் அழுத்தம், சுமார் 27 மில்லிபார். வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் பொதுவாக இதற்குக் கிட்டத்தான் தரும், ஆனால் அளக்காமல் நம்ப வேண்டாம். அளக்க விலையான கருவி வேண்டியதில்லை: ஊடு தெரியும் பிளாஸ்டிக் ஹோஸை ஆங்கில 'யூ' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாயைக் காஸ் வரியில் கொடுங்கள். அடுப்பு எரியும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 28 சென்ரிமீற்றர் வர வேண்டும். அதே குழாயில் கசிவும் பார்க்கலாம்: எல்லாச் சாதனத்தையும் மூடி, வித்தியாசம் 20 சென்ரிமீற்றர் நிற்கும்படி அழுத்தத்தை இறக்கி, சிலிண்டரை அடைத்துவிட்டுப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மட்டம் அசையக்கூடாது. அசைந்தால் சவர்க்காரத் தண்ணீரோடு ஒவ்வொரு மூட்டாகப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது, ஜெட் புரொப்பேனுக்கு அளந்து செய்யப்பட்டது. நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 2021 இறுதியில் நாடு முழுக்க அடுப்படி வெடிப்புகள் நடந்தபோது அந்தக் கலவை விகிதம்தான் பேச்சுப்பொருளானது. பியூட்டேன் கூடினால் அதே அழுத்தத்தில், அதே ஜெட்டில் பத்து வீதம் வரை கூடுதல் வெப்பம் வரும், காற்று போதாது, சுவாலை நுனி மஞ்சளாகும். பர்னர் வாயிலுள்ள காற்று மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நீலமாக, சீரான உறுமலோடு எரியும் இடத்தில் இறுக்குங்கள். நுவரெலியாவுக்குப் போகும் வண்டி என்றால் அங்கேயும் ஒருமுறை பாருங்கள். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிவு. வெளிச்சுவரில் ஹீட்டர் கதவுக்கு மேலே கறுப்புப் படிந்தால் அதுதான் காரணம்.

செப்புக் காஸ் குழாயின் ஃபிளேயர் (விரித்த) முனைகளை ஏ.சி., ஃபிரிட்ஜ் திருத்துபவர்களிடமே செய்துகொள்ளலாம், அவர்களிடம் 45 பாகைக் கருவி இருக்கும். ஃபிளேயர் மூட்டில் டேப் சுற்றக்கூடாது, உலோகமும் உலோகமும்தான் அங்கே அடைப்பு.

கரண்ட் பக்கத்துக்கு வந்தால் விமர்சனம் கொஞ்சம் கடுமையாகும். இதில் இருப்பது 120 வோல்ட், 1440 வாட் கொயில். அதை நேரே 230 வோல்ட்டில் கொடுத்தால் மின்வலு இரட்டிப்பாகாது, மூன்றரை மடங்குக்கும் மேலாகும்: 5,200 வாட்டைத் தாண்டும். கொயில் போகும், அதற்கு முன் வயர் உருகலாம். கொயில் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்க, வயரைக் கழற்றி மீற்றரில் ஓம் அளங்கள். 10 ஓம் அளவில் காட்டினால் நல்லது. முடிவின்மை காட்டினால் வெற்றுத் தாங்கியில் யாரோ ஸ்விட்ச் போட்டிருக்கிறார்கள். முனைக்கும் தாங்கி உலோகத்துக்கும் இடையே எந்த வாசிப்பும் வரக்கூடாது. வந்தால் அது ட்ரிப் ஸ்விட்சைத் தட்டும் கொயில்.

முதலாம் குறுக்குத் தெருவில் 230ஐ 110 ஆக்கும் பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கும். 110 வோல்ட்டில் இந்தக் கொயில் 1,210 வாட்தான் தரும், அது பரவாயில்லை. பெட்டியைத் தெரிவு செய்வதில்தான் பிழை விடுகிறார்கள். மேலே ஒட்டிய எண்ணை நம்பாமல், 2,000 வி.ஏ. தொடர்ந்து தாங்கக்கூடிய, இரண்டு சுற்றும் வேறுவேறாக உள்ள ட்ரான்ஸ்ஃபோமர் கேளுங்கள். பல மலிவுப் பெட்டிகள் ஒற்றைச் சுற்று வகை. அவற்றில் பிளக்கைத் திருப்பிச் செருகினால் வண்டிக்குள் போகும் இரண்டு கம்பியிலும் கரண்ட் நிற்கலாம். வெளிப்பக்கச் சுற்றுக்கு எர்த்தும் தனி ட்ரிப் ஸ்விட்சும் தகுதியுள்ள மின்வேலைக்காரர் ஒருவர் பூட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கரண்டில் ஓட்டுவதில் லாபம் இருக்கிறதா? மின் இணைப்புள்ள இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் உண்டு. மற்றவர்கள் அந்த வயரைக் கழற்றி, முனையை மூடி, காஸோடு நிறுத்திக்கொள்ளலாம். கதவுக்குள் இடது கீழ் மூலையில் உள்ள சின்னக் கறுப்பு ஸ்விட்ச் கொயிலுக்குரியது, அது 'ஓஃப்'பில் இருக்கட்டும்.

தண்ணீர்ப் பக்கத்தில் ஹீட்டர் நன்றாக எரிந்தும் சுடுதண்ணி வராத மாயங்கள் நடக்கும். குளிர்நாட்டில் மாரிக்கு முன் ஹீட்டரை ஒதுக்கி வைக்க, பின்பக்கத்தில் பைபாஸ் வால்வுகள் பூட்டியிருப்பார்கள். வண்டி அந்த நிலையிலேயே கப்பல் ஏறியிருக்கும். வெற்றுத் தாங்கி நிரம்பச் சில நிமிடம் எடுக்க வேண்டும். பம்பைப் போட்டதும் சுடுதண்ணிப் பைப்பில் உடனே தண்ணீர் வந்தால் பைபாஸ் திறந்திருக்கிறது. கொழும்பில் அதற்கு வேலையே இல்லை, கழற்றி நேர்க்குழாய் போடுங்கள். குழாயில் இளஞ்சிவப்புத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம், அது உறைதடுப்புத் திரவம், அலசிவிடலாம். வெந்நீர் வெளியேறும் இடத்துப் பிளாஸ்டிக் ஒருவழி வால்வு சிக்கிக்கொள்வதும் வழமை. வெளிப்புற ஷவரில் இரண்டு பைப்பும் திறந்து, தலையில் மட்டும் மூடியிருந்தால், சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் அங்கேயே கலந்து உள்ளே வெதுவெதுப்பாக வரும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் தெர்மோஸ்டாட் மாற்றியவர்கள் உண்டு.

பழைய சோனகத் தெருவில் ஃபிட்டிங் வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். வண்டியில் இருப்பது அமெரிக்க மரையான என்.பி.டி., கடையில் இருப்பது பிரித்தானிய மரையான பி.எஸ்.பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும். மரைக் கோணம் 60க்கு 55, அதனால் டேப் சுற்றினாலும் நாளடைவில் கசியும். கால் அங்குலத்திலும் ஓரங்குலத்திலும் மரை எண்ணிக்கையே வேறு, இறுக்கினால் கடித்துவிடும். சாம்பல் நிறப் பொலிபியூட்டிலின் குழாய் உள்ள வண்டி என்றால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் கழற்றுங்கள். 1995ஓடு உற்பத்தியே நின்றுபோன சாமான் அது. சுடுதண்ணி வரிக்குச் சாதாரண பி.வி.சி. போட வேண்டாம், இளகிவிடும். சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். போடுங்கள்.

பாதுகாப்பு வால்வு சூடாகும்போது சொட்டுவதை வைத்து ஹீட்டரைத் திட்டுபவர்கள் அதிகம். தாங்கியின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய காற்றுப்பை போய்விட்டால் விரியும் தண்ணீர் வேறெங்கே போகும்? ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து, வால்வு நெம்பைத் தூக்கித் தண்ணீர் நிற்கும் வரை விடுங்கள்; காற்றுப்பை திரும்ப வரும். அதற்குப் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றலாம். 150 பி.எஸ்.ஐ., 210 பாகை ஃபாரன்ஹைட் என்று பொறித்ததாக இருக்க வேண்டும். அதற்கு அடைப்பான் போட்டவர் வண்டிக்குள் ஒரு குண்டை வைத்திருக்கிறார்.

லபுகம, களட்டுவாவையிலிருந்தும் அம்பத்தளையிலிருந்தும் வரும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நிரப்பினால் கதை வேறு. சுண்ணாம்பு கொயிலில் அப்பும், கடற்கரையோர உவர்த் தண்ணீர் அனோட்டை வேகமாகத் தின்னும். அப்படிப் பயணம் போய் வந்தால் அடுத்த சர்வீஸுக்குக் காத்திராமல் கோலைக் கழற்றிப் பாருங்கள். நம் கடைகளில் உள்ள வீட்டு கீசர் அனோட்டுகளின் மரை இதற்குச் சரிவராது, வரவழைக்கும்போது இரண்டாக எடுங்கள். அழுகிய முட்டை மணம் வந்தால், தண்ணீரில் உள்ள பக்டீரியாவும் மக்னீசியக் கோலும் சேர்ந்து செய்யும் வேலை. 57 லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் வெறும் பிளீச் கலந்து, எல்லா வரியிலும் நாலு மணித்தியாலம் நிறுத்தி அலசினால் அடங்கும்.

வேலை செய்யத் தொடங்கிய சபர்பனின் தரம் எப்படி? பர்னர் மணிக்கு 12,000 பி.ரி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். நம் 28 பாகைத் தண்ணீரை 54க்கு ஏற்ற, வீணாகும் சூட்டையும் சேர்த்து, கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. காஸ் சுமார் 70 கிராம். 2.3 கிலோ சிலிண்டரில் முப்பது முறை அளவுக்குச் சூடாக்கலாம்; மலைநாட்டில் 15 பாகைத் தண்ணீர் என்றால் இருபதைத்தான் எதிர்பார்க்கலாம். சிக்கனமாகக் குளித்தால் இரண்டு மூன்று பேருக்கு ஒரு தாங்கி காணும்.

அட்வுட் என்ற வேறு அமெரிக்க ஹீட்டர் பூட்டிய வண்டி வந்தால் மேலே சொன்ன தீமூட்டல் பகுதி ஏறக்குறைய அப்படியே பொருந்தும். தாங்கி அலுமினியம், அனோட் கிடையாது, போடவும் கூடாது. அரை அங்குலப் பிளாஸ்டிக் அடைப்பானுக்குப் பதிலாகப் பித்தளை போட்டால் மரையே அரித்துப்போகும். பிரித்தானியக் கரவனில் உள்ள ட்ரூமா அல்ட்ராஸ்டோர் ஹீட்டர் 10 லீற்றர்தான், ஆனால் 230 வோல்ட்டில் 850 வாட். ட்ரான்ஸ்ஃபோமர் தலையிடி இல்லாததால் கொழும்புக்கு அதுவே தோதானது.

தாங்கி ஓட்டையான சபர்பனுக்குப் பதிலாக, வீட்டு உடனடி காஸ் கீசரை உள்ளே மாட்டும் யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். அது அறைக் காற்றையே எரித்து, புகையை அங்கேயே விடும். கரவன் அளவு அறையில் கார்பன் மொனொக்சைட் சேர நேரமெடுக்காது. எப்போதும் மின் இணைப்பில் நிற்கும் வண்டிக்கு 10 அல்லது 15 லீற்றர் மின் கீசர் ஒன்றைச் சுவரில் பலமாகப் பூட்டுவதே மலிவான வழி. ஊர் சுற்றும் வண்டிக்கு இன்னொரு சபர்பனையே தேடுங்கள். வெட்டிய துளை அப்படியே பொருந்தும், பழையதன் போர்ட், வால்வு, தெர்மோஸ்டாட் மூன்றையும் கழற்றி உபரியாக வைத்துக்கொள்ளலாம்.